வீட்டுல செஞ்ச சிஎன்சிக்கு அளவு பிடிக்கிறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல ஒரு சின்ன சிஎன்சி ரூட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு மரம் வெட்டுற மெஷின், நானே செஞ்சு வெச்சிருக்கேன். மோட்டாரு, ஸ்க்ரூ எல்லாம் கோயமுத்தூர்ல வாங்குனது, ஃப்ரேம் மட்டும் கஞ்சிக்கோடு பக்கம் ஒரு லேத் பட்டறைல கொடுத்து செஞ்சது. அதுல முதல்முதலா உருப்படியா ஒண்ணு செய்யணும்னு, பாட்டி வீட்டுல விழுந்த பலா மரத்துப் பலகைல பல்லாங்குழி வெட்டுனேன். வரிசைக்கு ஏழு குழி, குழிக்குக் குழி 60 மிமீ. முதல் குழி கோட்டு மேல சரியா உக்காந்துச்சு, ஏழாவது குழி மூணரை மிமீக்கு மேல தள்ளிப் போயிருச்சு, ஒரு ஓரம் தடிமனாவும் இன்னொரு ஓரம் ஒல்லியாவும் நிக்குது. அந்தப் பலகை திரும்பக் கெடைக்காது.

என்ன ஆச்சுன்னா, அதுக்கு முந்துன நாள் எக்ஸ் ஆக்சிஸை (மெஷின் நகர்ற ஒரு திசை) 10 மிமீ ஓட்டி அளந்து பாத்தேன், 9.9 காட்டுச்சு. உடனே 400ஐ 10ஆல பெருக்கி 9.9ஆல வகுத்து 404.04ன்னு $100ல போட்டுட்டேன், அதாவது மெஷினை ஓட்டுற ஜிஆர்பிஎல் சாஃப்ட்வேர்ல ஒரு மிமீக்கு மோட்டார் எத்தனை ஸ்டெப் (குட்டி அசைவு) போடணும்னு சொல்ற செட்டிங்ல. கணக்கு சரிதாங்க, பழைய நம்பர் பெருக்கல் சொன்ன தூரம் வகுத்தல் போன தூரம், அதுதான் ஃபார்முலா. ஆனா அந்த 0.1 குறைஞ்சது ஸ்டெப்பு தப்பா இருந்ததால இல்ல, நட்டுல இருந்த பிளேயால, அதாவது திசை மாறுறப்போ ஸ்க்ரூ சுத்தியும் நட்டு நகராத லூசால. அதை நான் நூத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு மொத்த ஆக்சிஸையும் நீட்டிட்டேன், 360 மிமீல அது 3.6 மிமீ ஆயிருச்சு.

அதனால முதல் தப்பு, அளந்து பாத்து நம்பரைக் கண்டுபிடிக்கலாம்னு நெனைக்கிறது. ஸ்டெப் நம்பர் கணக்குப் போட்டாலே வந்துரும்ங்க. மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை எத்தனையா பிரிக்குதுங்கிறது) 16ன்னா 3200, ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 8 மிமீ தள்ளுச்சுன்னா 3200ஐ 8ஆல வகுத்து 400. 1605 பால் ஸ்க்ரூன்னா லீட், அதாவது ஒரு சுத்துக்கு தள்ளுற தூரம், 5 மிமீ, அப்போ 640. ஜிடி2 பெல்ட்டும் 20 பல்லு புல்லியும்னா சுத்துக்கு 40 மிமீ, அப்போ 80. முதல்ல இதைப் போட்டுட்டு அப்புறந்தான் ஸ்கேலை கையில எடுக்கணும்.

இங்கயும் ரெண்டு எடத்துல நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. டி8 ஸ்க்ரூல மரைக்கு மரை 2 மிமீதான் இருக்கும், ஆனா பொதுவா கெடைக்கிறதுல நாலு மரை சேந்து ஓடும், அதனால ஒரு சுத்துக்கு 8 மிமீ. மரையை மட்டும் அளந்து 1600ன்னு போட்டா 10 மிமீ சொன்னதுக்கு 40 மிமீ ஓடிப்போய் கடைசில முட்டும். நட்டை கையால ஒரே ஒரு சுத்து சுத்தி எவ்வளவு நகருதுன்னு பாத்துருங்க, சந்தேகமே வராது. இன்னொண்ணு டிரைவர், அதாவது மோட்டாரை ஓட்டுற குட்டி போர்டு. அதை மாட்டுற ஷீல்டு போர்டுல மூணு ஜம்பரும் (சின்ன இணைப்புத் துண்டு) போட்டிருந்தா ஏ4988 16 மைக்ரோஸ்டெப், அதே எடத்துல டிஆர்வி8825 மாட்டுனா 32. ஒண்ணு எரிஞ்சுபோச்சுன்னு கெடைச்சதை வாங்கி மாட்டிட்டு 100 சொன்னா 50தான் போகுது, மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயந்துக்குவாங்க. பாதி, ரெண்டு மடங்கு, நாலு மடங்குன்னு சுத்தமான மடங்குல தப்பு வந்தா அது ஜம்பரு, லீட் சமாச்சாரம், 25.4 மடங்குன்னா எங்கயோ இஞ்ச்சுல இருக்கு, ஜி21 (அளவு மிமீன்னு சொல்ற கட்டளை) இருக்கான்னு பாருங்க. இதையெல்லாம் ஸ்கேல் வெச்சு திருத்தப் போகாதீங்க.

சரி, கணக்கு போட்டாச்சு, இப்போ அளக்கலாம். குட்டித் தூரம் வேண்டாம், மெஷின் எவ்வளவு ஓடுமோ அவ்வளவுக்கு அளங்க. 0.1 மிமீ கண்ணு தப்புனா 10 மிமீல அது நூத்துக்கு ஒண்ணு, 300 மிமீல மூவாயிரத்துக்கு ஒண்ணு. ஸ்டீல் ஸ்கேலோட முனை தேஞ்சிருக்கும், அதனால ஆசாரிங்க மாதிரி 100லேந்து ஆரம்பிச்சு படிங்க. ஸ்கேல் சாஞ்சு இருந்தா ஒரு டிகிரிக்கே 300 மிமீல கிட்டத்தட்ட 0.05 ஏமாத்தும். நான் இப்போ பண்றது, பெட்ல மாஸ்கிங் டேப் ஒட்டி கூர்முனை வி பிட்டால ஒரு புள்ளி, 300 ஓட்டி இன்னொரு புள்ளி, அதுக்கு அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல வெர்னியர் வெச்சு அளக்குறேன். ரெண்டு புள்ளிக்கும் ஒரே பக்கத்துலேந்து வரணும், அதாவது மைனஸ் 5க்கு போய் 0க்கு வந்து புள்ளி வெச்சு, அப்படியே 300க்கு போகணும்.

இதை எனக்கு சொல்லிக் குடுத்தது அந்த லேத் பட்டறை சேட்டன்தான். நான் பலகையைக் கொண்டுபோய் காட்டுனேன், அவர் நம்பரைப் பத்தி ஒண்ணும் கேக்கல, "ஆத்யம் ப்ளே நோக்கு"ன்னாரு, முதல்ல பிளேயைப் பாருன்னு. லேத்துல கைப்பிடியை பின்னாடி கொஞ்சம் அதிகமாவே சுத்தி திரும்ப முன்னாடி வந்துதான் எந்த அளவையும் பிடிப்பாங்களாம், எத்தனை வருஷம் ஓடுன லேத்தா இருந்தாலும் அப்படித்தான் சரியா வேலை வாங்குறாங்க.

அதுக்கப்புறம் நான் எப்பவும் பண்றது இதுதான். 50, 100, 200ன்னு மூணு தூரம் ஓட்டி, வேணும்னே திசை மாத்தி திரும்பி வந்தும் அளந்து, மூணு தப்பையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. மூணுலயும் ஒரே மாதிரி 0.1, 0.1, 0.1ன்னா அது பிளே. 0.1, 0.2, 0.4ன்னு தூரத்தோட கூடவே ஏறுதுன்னா அதுதான் ஸ்டெப் நம்பர், அங்க மட்டும் ஃபார்முலா போடுங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற வருதுன்னா மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேக்குற கப்ளிங் வழுக்குது, இல்ல மோட்டார் ஸ்டெப்பைப் போடாம விடுது. இந்த மூணுக்கும் வைத்தியம் வேற வேறங்க, ஒண்ணுக்கு உண்டானதை இன்னொண்ணுக்கு போட்டா என் பலகைக்கு வந்த கதிதான்.

பிளேன்னா ஸ்பிரிங் வெச்ச ஆன்டி பேக்லாஷ் நட் போடுங்க, பேரிங் பக்கம் ஸ்க்ரூ முன்னாடி பின்னாடி ஆடுதான்னு டயல் கேஜ் (துளி ஆட்டத்தையும் முள்ளால காட்டுறது) வெச்சு பாருங்க. சாஃப்ட்வேர்ல சரிபண்ணலாமேன்னு கேப்பீங்க, மாக்3, லினக்ஸ்சிஎன்சின்னு வேற சாஃப்ட்வேர்ல அதுக்கு வழி இருக்கு, ஜிஆர்பிஎல்ல கெடையாது. கப்ளிங் சந்தேகம்னா மார்க்கர் பேனால ஷாஃப்ட்டையும் கப்ளிங்கையும் சேத்து ஒரு கோடு போட்டுட்டு அரை மணி நேரம் வேலை செய்ய விடுங்க, கோடு பிரிஞ்சிருந்தா கப்ளிங்கை இறுக்குற க்ரப் ஸ்க்ரூ லூசு. ஸ்டெப் விடுதான்னு பாக்க 0லேந்து 200, திரும்ப 0ன்னு இருவது தடவை வேகமா ஓட்டி டயல் கேஜ் முள்ளு அதே எடத்துக்கு வருதான்னு பாருங்க, மெதுவா ஓட்டுனா வருது வேகமா ஓட்டுனா வரலன்னா $110 (எக்ஸோட உச்ச வேகம்), $120 (வேகம் ஏறுற அளவு) ரெண்டையும் குறைங்க.

ஒரு சின்ன விஷயம், ஆனா எனக்கு ரெண்டு நாள் போச்சு. ஜிஆர்பிஎல்ல $1 (நின்னப்புறம் மோட்டார் எத்தனை மில்லி செகண்ட் பிடிச்சிருக்கணும்ங்கிறது) வழக்கமா 25தான் இருக்கும், ஓடி நின்ன கொஞ்ச நேரத்துல மோட்டார் பிடியை விட்டுரும், நாம வெர்னியரை அழுத்துறப்போ ஆக்சிஸ் நகர்ந்துரும். 255ன்னு போட்டா பிடியை விடவே விடாது, அப்படி போட்டுட்டு அளங்க.

வெட்டுன பீஸை அளந்து நம்பரை மாத்துறவங்களும் இருக்காங்க. 6 மிமீன்னு வாங்குன பிட் 5.9 இருந்தா, வெளி அளவு 0.1 கூட வரும், உள்ள குடைஞ்ச குழி 0.1 குறைஞ்சு வரும், பீஸ் சின்னதோ பெருசோ அதே 0.1தான். அது பிட்டோட அளவு, ஆக்சிஸ் மேல பழி போடாதீங்க. அதே மாதிரி எக்ஸும் ஒய்யும் தனித்தனியா சரியா இருந்தும் சதுரம் கோணலா வந்தா 300, 400 ஓட்டி மூலைக்கு மூலை 500 வருதான்னு பாருங்க, வரலன்னா பிட்டைத் தூக்கிட்டு நகர்ற சட்டத்தை, அதாவது கேன்ட்ரியைத்தான் நேர் பண்ணணும்.

எங்க பக்கம் ஆனி, ஆடில கணவாய் வழியா ஈரக்காத்து சும்மா வீசி அடிக்கும், எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) பெட் ஊறி தடிச்சுக்கும், ஆழம் மாறுதுன்னு மேல கீழ போற இசட் ஸ்டெப்பை தொடாதீங்க, பெட்டை ஒரு தடவை செதுக்கி புதுசா ஜீரோ வைங்க. 0.01க்கு அடிச்சுக்கவும் வேண்டாம், சி7 தரத்து பால் ஸ்க்ரூவுக்கே 300 மிமீக்கு 0.05 வரைக்கும் விட்டுக் குடுத்திருக்காங்க.

இப்போ $100ல திரும்ப 400தான் இருக்கு. புது நட் போட்டு, வேற ஒரு பலகைல அதே பல்லாங்குழி வெட்டுனேன், முதல் குழிலேந்து ஏழாவது குழிக்கு 360 மிமீ, ரெண்டு ஓரமும் ஒரே அளவு. பாட்டி அதுல புளியங்கொட்டை போட்டு ஆடிட்டு இருக்காங்க.