1,500 ரூபாயோடு தி.நகர் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

தி.நகரில் துணி எடுக்கப் பெரிய பணம் வேண்டாம். 1,500 ரூபாய் கையில் இருந்தால் ஆபீசுக்குப் போட இரண்டு குர்த்தி, ஒரு லெகிங்ஸ், ஒரு துப்பட்டா, காதுக்கு ஒரு ஜோடி, நடுவில் சூடாக ஏதாவது சாப்பாடு, கிளம்பும்போது ஒரு முழம் மல்லி என்று எல்லாமே முடிந்துவிடும். கடைசி இரண்டையும் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவையுங்கள், 200 ரூபாய் போதும். துணிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் வயிற்றோடு ரயில் ஏறினால் அந்த நாளில் என்ன சந்தோஷம் இருக்கிறது?

போவதற்கு நல்ல நேரம் செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 11 மணி வாக்கில். சனி, ஞாயிறு மாலையில் ரங்கநாதன் தெருவில் துணியை விரித்துப் பார்க்கக்கூட இடம் இருக்காது, அவசரத்தில் எதையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கினால் வாசலிலேயே ரங்கநாதன் தெரு. வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் 2023-இல் திறந்த ஸ்கைவாக்கில் ஏறிவிடுங்கள், ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நெரிசலில் சிக்காமல் நடக்கலாம். பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். ஜிபே எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனாலும் நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோவதுதான் என் பழக்கம். கையில் குறைவது கண்ணுக்குத் தெரிந்தால் மனசு தானாகவே அளவோடு நிற்கும்.

இன்னொரு பொருள் கட்டாயம் வேண்டும்: இஞ்ச் டேப். பிளாட்பாரக் கடையில் போட்டுப் பார்க்க முடியாது, எல் என்று லேபிள் போட்டிருப்பது கடைக்குக் கடை மாறும். வீட்டில் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் குர்த்தியைத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். 20 அங்குலம் வந்தால் சுற்றளவு 40. கடையிலும் அதே மாதிரி விரித்து அளந்தால் போதும், லேபிளைப் பார்க்கவே வேண்டாம். தோள், கை நீளம், மொத்த உயரம் மூன்றையும் சேர்த்துக் குறித்துவைத்தால் இன்னும் நல்லது.

இப்போது துணி. விலை மலிவு என்பதற்காக எடுக்காதீர்கள், துணி நன்றாக இருந்து விலையும் மலிவாக இருந்தால் எடுங்கள், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டுத் தையலில் அரை அங்குலமாவது துணி விட்டிருக்க வேண்டும், அப்போதுதான் பிறகு பிரித்து லூசாக்க முடியும். ஓரம் ஓவர்லாக் அடிக்காமல் நூல் தொங்கினால் நாலு துவையலில் பிரிந்துவிடும். கைக்குட்டையின் ஒரு மூலையை நனைத்து உள்பக்கம் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் அடர் நிறம் வேண்டாம். துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விடுங்கள்: சுருக்கம் அப்படியே நின்றால் பெரும்பாலும் காட்டனோ ரேயானோ, சட்டென்று நிமிர்ந்தால் பாலியஸ்டர் அதிகம், சென்னை வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம். ரேயான் வழவழவென்று அழகாக விழும், விலையும் குறைவு, ஆனால் முதல் துவையலில் சுருங்கும், அதனால் உயரத்தில் இரண்டு அங்குலம் கூடுதலாகப் பார்த்து எடுங்கள். லெகிங்ஸை உள்ளங்கையில் மாட்டி இழுத்துப் பார்த்தால் தோல் தெரிகிறதா என்று புரிந்துவிடும். நிறத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் நம்பாதீர்கள், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பேரம் பேசக் கூச்சப்பட வேண்டாம், மரியாதையாகப் பேசினால் போதும். "அண்ணா, ரெண்டு எடுத்துக்கறேன், சேர்த்து சொல்லுங்க" என்று கேட்டாலே பெரும்பாலும் குறையும். காலையில் முதல் வியாபாரம் போணி என்பதால் வெறும் கையோடு அனுப்ப மனசு வராது, அதற்காக அடிமாட்டு விலைக்குக் கேட்பது நியாயமில்லை, அவர்களும் வெயிலில் நின்று பிழைக்கிறார்கள். பூக்காரம்மாவிடமும் மாங்காய் விற்பவரிடமும் பேரமே வேண்டாம். பெரிய கடைகளில் பேரம் கிடையாது, ஆனால் பில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை நாளுக்குள் என்று பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆடித் தள்ளுபடி பற்றியும் சொல்ல வேண்டும். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், வியாபாரம் மந்தம், அடுத்து தீபாவளிச் சரக்குக்கு இடமும் வேண்டும், அதனால்தான் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை அந்தப் போர்டுகள். துண்டு, பெட்ஷீட், நைட்டி, உள்ளாடை மாதிரி எப்போதும் தேவைப்படுவதை அப்போது வாங்கிப் போடுங்கள். கைத்தறிக்கு ஆசை இருந்தால் தீபாவளி சமயத்தில் கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடி தரும், அதற்குக் காத்திருக்கலாம்.

துணி முடிந்ததும் பாண்டி பஜார் பக்கம் நடந்துவிடுங்கள். 2019-இல் அகல நடைபாதை போட்ட பிறகு அங்கே சும்மா நடப்பதே சுகம், உட்கார பெஞ்சும் இருக்கிறது. கம்மல், கிளிப், பொட்டு எல்லாம் சில பத்து ரூபாய்களில் கிடைக்கும், பழைய குர்த்திக்குக்கூடப் புது முகம் வந்துவிடும். கண்ணாடி வளையல் வாங்கும்போது அளவில் குழப்பம் வரும்: 2.4 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் ஓர் அங்குலத்தின் பதினாறில் 4 பங்கும், அதாவது இரண்டேகால். 2.6 என்றால் அதைவிட அங்குலத்தின் பதினாறில் இரண்டு பங்கு பெரிது. உங்களுடைய பழைய வளையல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் இந்தக் கணக்கும் வேண்டாம்.

சாப்பாட்டை எல்லாம் முடிந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பசியோடு இருக்கும்போதுதான் "சரி, இதையே எடுத்துடலாம்" என்று தேவையில்லாததை எடுப்போம். இரண்டாவது துணி எடுத்ததும் உட்காருங்கள், ஒரு நெய் ரோஸ்ட்டும் ஃபில்டர் காபியும் சொல்லுங்கள், அவசரப்படாமல் குடியுங்கள். வெயில் காலம் என்றால் ரோஸ் மில்க். நடக்கும்போது மிளகாய்த்தூள் உப்பு தூவிய மாங்காய்க் கீற்று. இந்தச் சின்னச் சின்ன விஷயங்களுக்காகவே நான் ஆன்லைனில் வாங்குவதைவிட நேரில் போவதை விரும்புகிறேன்.

மல்லி கடைசியில் வாங்குங்கள், வெயிலில் வாடாது. ஐந்து மணிக்குள் மாம்பலம் வந்துவிட்டால் ஆபீஸ் கூட்டத்துக்கு முன்னால் ரயில் பிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் புதுத் துணியை ஒருமுறை தனியாக அலசிவிட்டுப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள், இப்போதைய சாயங்களுக்கு அது பெரிதாக உதவாது. பச்சைத் தண்ணீரில் உள்பக்கம் திருப்பித் துவைத்து நிழலில் காயப்போடுங்கள், 300 ரூபாய் குர்த்தியும் பல மாதம் புதிது போலவே உழைக்கும்.