விடுதி நகரத் திட்டங்களை எதிர்க்கும் ஊர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரிக்கரையிலோ மலைச்சரிவிலோ பெரிய சொகுசு விடுதியும் அதையொட்டி நூற்றுக்கணக்கான வீடுகளும் வரப்போவதாகத் தெரிந்ததும், கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே எதிர்ப்பைப் பதிவுசெய்துகொள்ளலாம் என்று பல ஊர்கள் காத்திருக்கின்றன. இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் அந்தக் கூட்டம் உண்டு. ஆனால் கட்டுமான, நகரியத் திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பைத் தொட்டால் முன் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும்; நிலம் 50 ஹெக்டேரையோ கட்டடப் பரப்பு 1,50,000 சதுர மீட்டரையோ எட்டினால் அது நகரியத் திட்டமாகிவிடும். அத்தனை பெரிய திட்டத்துக்கும் ஊரைக் கேட்க வேண்டியதில்லை என்பது அநீதி என்றே நான் கருதுகிறேன். ஆயினும் விதி அப்படி இருக்கும்வரை, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பம் ஏறியவுடனேயே அதைப் படித்து, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் பரிசீலனை முடிவதற்குள் எழுத்துவழி ஆட்சேபணையைக் கொடுத்து, ஒப்புகை பெற்றுவிட வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் காலக்கெடு இன்னும் கடுமையாகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை கிடைக்கும், அதற்குப் பிறகு எவ்வளவு நியாயமான மேல்முறையீடும் ஏற்கப்படாது. அனுமதி ஆணையின் நகல் ஊராட்சிக்கும் வரும் என்பதால், அலுவலக அறிவிப்புப் பலகையைத் தவறாமல் பார்த்து வரும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

அடுத்த தவறு, 'இயற்கை அழிகிறது' என்று பொதுப்படையாக எழுதிக்கொடுப்பது. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில், நெடியதுருத்துத் தீவில் எழுந்த காபிகோ விடுதியை எதிர்த்த மீனவர்கள், நீரில் கம்பு நட்டு வலை கட்டி மீன்பிடிக்கும் தங்கள் ஊன்று வலைப் பிழைப்பு பறிபோவதைச் சொல்லி வழக்காடினார்கள். வழக்கின் முடிவில் கடலோர, காயலோரக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் மீறல் உறுதியாகி, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடிப்பு உத்தரவை நிலைநிறுத்தியது. 54 வில்லாக்கள் கொண்ட அந்த விடுதியை இடிக்கும் வேலை 2022 செப்டம்பரில்தான் தொடங்கியது. கட்டி முடித்தபின் கிடைக்கும் வெற்றி எத்தனை தாமதமானது என்பதையும் அந்தத் தீவு காட்டுகிறது. ஆகவே எந்தப் புல எண்ணில் ஓடைப் புறம்போக்கு போகிறது, அதன் நீர் எந்த ஏரிக்குப் பாய்கிறது, விடுதிக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள், அது எந்தக் கிணறுகளிலிருந்து வரும் என்று தொடக்கத்திலேயே புலப்படத்தோடு எழுதுங்கள். தாக்க மதிப்பீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் மழையில்லாப் பருவத்தில் நடப்பதால், ஐப்பசி, கார்த்திகையில் அந்த நிலத்தில் தண்ணீர் நிற்கும் படங்களைத் தேதியோடு இணைப்பது மிக முக்கியம்.

பரப்பளவு வரம்புக்குள் அடங்கிவிடுவதற்காக ஒரே திட்டம் பல பெயர்களில், பல துண்டுகளாக விண்ணப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை கிடைக்குமென்று நம்பித் திட்டத்தை ஆதரிக்கும் அக்கம்பக்கத்தாரைத் துரோகிகள் என்று பேசாதீர்கள். அவர்களுக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

அனுமதி கிடைத்தபின் கலைந்துபோவதும் தவறே. ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அனுமதியின் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றுகிறது என்று சொல்லும் இணக்க அறிக்கையை நிறுவனம் தர வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, களத்தில் நடப்பதோடு ஒப்பிட்டு, மீறல் இருந்தால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.