பழைய ஆயில் பம்ப் மோட்டார் கிடைக்கவில்லையா?

மலேசியாவின் நிபோங் திபாலில், கிரியான் ஆற்றில் ஓடும் எங்கள் படகின் ஆயில் உறிஞ்சும் பம்ப் மோட்டார் எரிந்துபோனது. அந்த மாடல் இப்போது வருவதில்லை. அதற்காகப் பம்பையே தூக்கிப் போடாதீர்கள். ஆயிலை இழுக்கும் பகுதியான பம்ப் தலை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்; அதற்குப் பொருந்தும் வேறு மோட்டார் தேடினால் போதும்.

பழைய மோட்டாரைக் கழற்றி வோல்ட், ஆம்பியர், போல்ட் துளை இடைவெளி, சுற்றும் திசை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் சுழலும் தண்டை மட்டும் வெர்னியர் அளவுகோலில் அளக்க வேண்டும். 8 மில்லிமீட்டரும் 5/16 அங்குலமும் (7.94 மி.மீ.) கண்ணுக்கு ஒன்றுதான், தண்டைப் பம்போடு இணைக்கும் கப்ளிங்குக்கு அல்ல!

நிரந்தரக் காந்த மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டால் சரி. பியூஸ் புது மோட்டாரின் ஆம்பியருக்கு ஏற்றதாக இருக்கட்டும். பெட்ரோல் படகு என்றால், தீப்பொறியால் ஆவி பற்றாதபடி செய்த மரைன் மோட்டார்தான். பழைய லாரி வைப்பர் மோட்டார் எல்லாம் வேண்டவே வேண்டாம்.