ஏர்மெயில் ஸ்டாம்ப் புக்லெட் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஸ்டாம்ப் அச்சிட்ட சிறு தாள்களை அட்டைக்குள் வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்த சின்னப் புத்தகம்தான் புக்லெட். அதைப் பிரித்து ஸ்டாம்பை மட்டும் ஆல்பத்தில் செருகும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். அச்சு வேறுபாடு ஸ்டாம்பில் மட்டும் இருப்பதில்லை, அட்டை, அதன் உட்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வாசகம், பின் அடித்த ஓரம், இடையில் வைத்த மெல்லிய தாள் எல்லாவற்றிலும் இருக்கும். பிரித்துவிட்டால் அதெல்லாம் போச்சு.

எல்லா நாட்டையும் ஒரே நேரத்தில் துரத்த வேண்டாம். அமெரிக்க ஏர்மெயில் நல்ல தொடக்கம், வெளியீடுகள் குறைவு. அங்கே முதல் ஏர்மெயில் புக்லெட் 1928-ல் வந்த, விமானி லிண்ட்பெர்க்கைச் சிறப்பிக்கும் 10 சென்ட் ஸ்டாம்ப். தாளுக்கு 3 ஸ்டாம்பாக இரண்டு தாள், விலை 61 சென்ட். அந்த ஒரு சென்ட் புத்தகமாகக் கட்டிக்கொடுத்ததற்கு. ஆனால் அதற்கு இன்றைக்குக் காசு அதிகம் கேட்பார்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் 1962 டிசம்பரில் வந்த 8 சென்ட்டில் தொடங்குங்கள். விலையும் சல்லிசு, கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஒரு தாளில் 5 ஸ்டாம்ப், ஆறாவது கட்டத்தில் வெறும் வாசகம். ஏன் அப்படி? முந்தைய 7 சென்ட் புக்லெட்டில் தாளுக்கு ஆறு, இரண்டு தாள் 84, கூட ஒரு சென்ட் சேர்த்து 85. இங்கே 5 வைத்தால் தாளுக்கு 40, இரண்டு தாள் 80, சில்லறைத் தொல்லை இல்லை. அந்த வாசகத்தைப் படியுங்கள்: சிலவற்றில் கடிதத்துக்குள் ஆபத்தான பொருள் வைக்காதே என்றிருக்கும், சிலவற்றில் ஜிப் கோடு (நம் பின்கோடு மாதிரி) பற்றி. ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் தொடங்கியது, ஆக அது இருந்தால் பிந்தைய அச்சு.

அடுத்து ஒளிரும் பூச்சு. 1963 ஆகஸ்டில் அமெரிக்கா முதன்முதலில் பூச்சு போட்டது இதே 8 சென்ட்டில்தான். புறஊதா விளக்கில் செம்மஞ்சளாக ஒளிரும். சேலம் செவ்வாய்ப்பேட்டை கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் விளக்கைக் காட்டிவிட்டு 'இதில் பூச்சு இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அது நெட்டலை (நீண்ட அலைநீள) புறஊதா. இதற்குக் குற்றலை (குறுகிய அலைநீளம்) வேண்டும், 254 நானோமீட்டர் என்று பார்த்து வாங்குங்கள், விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்.

1949-ல் வந்த 6 சென்ட்டில் ஈர அச்சு, உலர் அச்சு என்று இரண்டு உண்டு. முதலில் காகிதத்தை நனைத்து அச்சடித்தார்கள், 1950-களில் உலர் முறைக்கு மாறினார்கள். உலர் அச்சில் காகிதம் விறைப்பு, வெண்மை கூடுதல், கோடுகள் துல்லியம். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொல்வது கஷ்டம், இரண்டையும் பக்கத்தில் வைத்து 10 மடங்கு லூப்பில் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) பாருங்கள். சேலத்தில் லூப்புக்கா பஞ்சம், கொலுசுப் பட்டறைக்காரர்களைக் கேட்டால் எந்தக் கடை என்று சொல்வார்கள்.

இணையத்தில் வாங்கும்போது அட்டையின் உட்பக்கமும் பின் அடித்த ஓரமும் தெரிகிற படம் கேளுங்கள். பின்னுக்குப் பக்கத்தில் காலியாக இன்னொரு ஜோடி ஓட்டை தெரிந்தால் வேறு புக்லெட்டின் தாளை உள்ளே வைத்துத் திரும்ப அடித்திருக்கலாம், நான் அதைத் தொடமாட்டேன்.

அப்புறம் பாதுகாப்பு. ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மூடுபனிதான் எதிரி, பசை இளகி தாளோடு தாள் ஒட்டிவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, புக்லெட்டை அழுத்தாமல் நிற்கவையுங்கள், மழைக்காலத்தில் திறக்கவே திறக்காதீர்கள். பின் துருப்பிடித்திருந்தாலும் கழற்ற வேண்டாம், அமிலமில்லாத காகிதத் துண்டு ஒன்றை அதன் அடியில் செருகினால் போதும்.