டைல் வாங்குமுன் பேஸ்மென்டுக்கு இறங்குங்கள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய, மேல்மாடியில்லாத பங்களா வீடுகளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வீட்டை வாங்கியதும் முதல் வேலை, சமையலறை லினோலியத்தைக் கிளப்பிவிட்டுப் பெரிய டைல் பதிப்பது. ஊரில் சீமெந்து நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் இங்கே வீட்டு நிலத்தைத் தாங்குவது, பேஸ்மென்ட் எனும் நிலக்கீழ்த் தளத்துக்கு மேலே ஓடும் மரம். மரம் தொய்ந்து கொடுக்கும், டைல் கொடுக்காது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அக்காவின் சமையலறைக்கு டைல் பதித்துக் கொடுத்தேன். அடுத்த மாசியில் தொலைபேசி வந்தது. "தம்பி, பிரிட்ஜுக்கு முன்னால ஒரு கோடு விழுந்திருக்கு, வந்து பாருங்கோ." பசையும் சரி, டைலும் சரி. கீழே போய் மரத்தைப் பார்க்காமல் பதித்ததுதான் பிழை. என் செலவில் உடைத்துத் திரும்பப் பதித்தேன். அன்றிலிருந்து டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு முதலில் பேஸ்மென்டுக்குத்தான் போகிறேன்.

அங்கே மூன்று அளவு எடுங்கள். ஜொயிஸ்ட் எனப்படும் தள மரத்தின் உயரம், ஒரு மரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரம், ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல்வரை உள்ள நீளம். 2x8 (2 அங்குலத் தடிப்பு, 8 அங்குல உயரம்) என்று சொல்லும் மரத்தின் உயரம் உண்மையில் ஏழேகால் அங்குலம்தான்.

சாதாரண டைலுக்கு ஜொயிஸ்டின் தொய்வு, தாங்கல்களுக்கு இடையே உள்ள நீளத்தில் 360இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கிரானைட், மார்பிள் போன்ற இயற்கைக் கல்லுக்கு 720இல் ஒரு பங்கு. சாமி அறைக்குக் கிரானைட் வேண்டும் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 12 அடி நீளத்துக்கு டைல் என்றால் 0.4 அங்குலம், கல் என்றால் 0.2 அங்குலம்.

16 அங்குல இடைவெளியில் ஸ்புரூஸ் 2x8, நீளம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 40 றாத்தல் என்ற ஆட்கள், தளபாட எடைக்கு அது ஏறக்குறைய 0.37 அங்குலம் தொய்யும். மட்டுமட்டாகத் தப்பும். மரம், பிளைவுட், டைல், கீழ்த்தள உட்கூரை எல்லாவற்றின் எடையையும் சேர்த்தால் அரை அங்குலம் வந்துவிடும். நான் அந்த எடையையும் சேர்த்தே கணக்குப் பார்ப்பேன். அதே இடத்தில் 2x10 இருந்தால் தொய்வு பாதிக்கும் கீழே.

சரி, மரம் போதாது என்றால் என்ன செய்வது? மிகப் பெரிய பலன் நீளத்தைக் குறைப்பதில்தான். அடிக்கு அதே எடை என்றால், தொய்வு நீளத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 12 அடியின் நடுவில் ஒரு பீம் கொடுத்தால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அந்த பீமின் தூண்களை பேஸ்மென்ட் கொங்கிரீட் மேல் சும்மா நிறுத்தக்கூடாது. அது மெல்லிய தளம், அத்திவாரம் அல்ல. எஞ்சினியரின் வரைபடமும் நகரசபை அனுமதியும் எடுத்துத்தான் செய்ய வேண்டும்.

பீமுக்கு இடமில்லை என்றால் ஒவ்வொரு ஜொயிஸ்டுக்கும் பக்கத்தில் அதே அளவு மரம் ஒன்றைச் சேர்த்துப் பசையும் ஆணியும் போட்டு இறுக்குங்கள். தொய்வு பாதியாகும். சேர்க்குமுன் ஜாக்கி வைத்துப் பழைய மரத்தை மெதுவாக நிமிர்த்துங்கள். இல்லாவிட்டால் வளைந்த மரத்துக்குத் துணையாக நேரான மரத்தை அறைய முடியாமல் திண்டாட வேண்டிவரும். ஜொயிஸ்டுகளுக்கு இடையே அடிக்கும் குறுக்குக் கட்டைகள் துள்ளலைக் குறைக்கும், ஒரு மரத்தின் பாரத்தை அடுத்ததுக்குப் பகிரும். அறை முழுவதும் பாரம் இருக்கும்போது வரும் தொய்வை அவை பெரிதாகக் குறைக்காது.

ஜொயிஸ்டுகளுக்கு மேலே உள்ள பிளைவுட் மெல்லியதாக இருந்தால் இன்னொரு தட்டு போடுங்கள். கல் என்றால் இரண்டு தட்டு கட்டாயம். மேல்தட்டின் இணைப்புகள் கீழ்த்தட்டின் இணைப்புக்கு நேரே வரக்கூடாது. அதன் திருகாணிகளைக் கீழ்த்தட்டோடு நிறுத்துங்கள், ஜொயிஸ்டுக்குள் இறக்க வேண்டாம். டைலுக்கு அடியில் போடும் டிட்ரா போன்ற செம்மஞ்சள் விரிப்போ சீமெந்துப் பலகையோ தொய்வைத் தடுக்காது. "விரிப்புப் போட்டால் போதும்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் ஜொயிஸ்டை அளந்தாரா என்று கேளுங்கள்.

இனித் தடுப்புச் சுவர். பெரிய சமையலறையைப் பிரித்து ஓர் அறை எடுக்கும்போது சுவர் ஒரு பாரம் என்பதை மறந்துவிடுகிறோம். இருபுறமும் ட்ரைவால் எனும் ஜிப்சம் பலகை அடித்த எட்டடி உயர 2x4 சுவர், அடிக்கு ஏறக்குறைய 64 றாத்தல். ஜொயிஸ்டுகளுக்குக் குறுக்காக நின்றால் பாரம் எல்லா மரத்துக்கும் பிரிந்துவிடும். நடுவில் நின்றால்கூட ஒவ்வொன்றும் இன்னும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) அளவுக்கும் குறைவாகத்தான் இறங்கும். ஜொயிஸ்ட் ஓடும் திசையிலேயே நின்றால் முழுப் பாரமும் ஒரே மரத்தில். மேலே சொன்ன 40 றாத்தல் கணக்கில் ஒரு ஜொயிஸ்டுக்கு வருவது அடிக்கு 53 றாத்தல். சுவர் மட்டுமே அதைத் தாண்டிவிடுகிறது. அது இரவும் பகலும் அசையாமல் நிற்கும் பாரம், ஆகவே ஆண்டுகள் போகப்போகத் தொய்வு மேலும் அரைவாசி கூடும். பக்கத்து ஜொயிஸ்ட் இறங்காமல் நிற்க, சுவருக்குச் சமாந்தரமாக டைலில் வெடிப்பு ஓடும். கதவு சட்டத்தில் உரசத் தொடங்கும்.

எனவே அந்தச் சுவருக்கு நேர் கீழே ஜொயிஸ்டை இரட்டையாக்குங்கள். சுவர் இரண்டு ஜொயிஸ்டுகளுக்கு நடுவே வந்தால், நாலடிக்கு ஒரு 2x4 கட்டை போதும் என்று கட்டடச் சட்டம் சொல்லும். டைல் வரும் இடத்தில் நான் ஜொயிஸ்ட் உயரத்துக்கே கட்டை வெட்டி 16 அங்குலத்துக்கு ஒன்று போட்டு, இருபக்க ஜொயிஸ்டையும் இரட்டையாக்குவேன். கூரையையோ மேல்மாடியையோ தாங்கும் சுவர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

வேலை ஒழுங்கும் முக்கியம். சுவரை முதலில் கட்டி ட்ரைவாலையும் அடித்து முடியுங்கள். மரம் அந்தப் பாரத்துக்கு இறங்கிய பிறகு டைல் பதியுங்கள். சுவரோரம் கால் அங்குலம் விட்டுப் பதித்து, அந்த இடைவெளியில் டைல் இணைப்புகளை நிரப்பும் கிரவுட் போகாமல் பாருங்கள். பீமுக்கு நேர் மேலே வரும் கோட்டில் மரம் இருபுறமும் சரிவதால் அங்கேயும் டைல் வெடிக்கும். அந்த இணைப்பில் கிரவுட் நிறச் சிலிக்கன் அடியுங்கள். சுவரோர இடைவெளியை மறைக்கும் பலகையைச் சுவரில் மட்டும் ஆணி அடித்துப் பொருத்துங்கள்.