ஒரு ஃபோன், ஒரு ஆளு, மூணு நிமிசம்: தோட்டத்துலயே குறும்படம் எடுக்கக் கத்துக்கலாம் வாங்க

எஸ்பிஎம் (மலேசியாவுல ஃபாரம் அஞ்சு பரீட்சை) முடிச்சிட்டு ஃபிலிம் படிக்கப் போறேன், மீடியா படிக்கப் போறேன்னு கெளம்புற தம்பி தங்கச்சிங்க எல்லாம் மொதல்ல கேக்குறது "என்ன கேமரா வாங்கலாம்ணே?"ங்குறதுதான். இப்போதைக்கு ஒண்ணும் வாங்க வேணாம். கையில இருக்கிற ஃபோன வச்சு, ஒரு ஆளு ஒரு வேலய மொதல்லருந்து கடைசி வரைக்கும் செய்யிறத மூணு நிமிசத்துல பாக்குறவங்களுக்குப் புரியிற மாதிரி காட்டத் தெரிஞ்சா, அடிப்படை முக்காவாசி வந்துரும்.

இதுக்கு எங்க சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊருங்கதான் ரொம்ப தோது. ஏன்னு கேளுங்க. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுற, அதாவது பட்டைய சீவி பால் எடுக்குற ஒருத்தங்க ஒரு காலையில நாலஞ்சு நூறு மரம் வெட்டுவாங்க, ஒவ்வொரு மரத்துலயும் அதே கை, அதே உளி, அதே நட. சினிமாவுல ஒரே காட்சிய நடிகர திரும்பத் திரும்ப செய்யச் சொல்லி ஒவ்வொரு ஆங்கிளா எடுப்பாங்க, நம்ம ஆளுங்களோ அவங்க பாட்டுக்கு வெட்டிக்கிட்டே போறாங்க, நீங்க மரத்துக்கு ஒரு ஆங்கிள்னு மாத்திக்கிட்டே பின்னால போனீங்கன்னா ஒரே ஃபோன வச்சு அஞ்சு கேமரா வச்ச மாதிரி எடுத்துரலாம். இப்ப நெறைய எடம் செம்பனையா (எண்ணெய்ப்பனையா) மாறிருச்சு, ஆனா சொந்தமா அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர் ரப்பர் வச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. ரப்பர் கெடைக்கலன்னா செம்பனைப் பழம் வெட்டுறது, ரொட்டி சானாய் அடிக்கிறது, கோயில்ல பூ கட்டுறது எதுன்னாலும் சரி, திரும்பத் திரும்ப நடக்குற வேலயா இருக்கணும், அவ்ளோதான். நான் பால்மரத்த வச்சே சொல்றேன்.

மொத வேல: ஆளப் புடிங்க, சொல்லிட்டு எடுங்க

கேமராவத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு காலையில சும்மா கூடப் போயி பாருங்க. எத்தன மணிக்கு கெளம்புறாங்க, எந்த நெரையிலருந்து ஆரம்பிக்கிறாங்க, எப்ப பால் எடுக்கிறாங்க, ஒட்டுப்பால் (ஒறஞ்சு போன பால்) எங்க போடுறாங்க, எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக்குங்க. அந்த நோட்டுதான் உங்க ஸ்கிரிப்ட்.

தனியார் தோட்டம்னா ஆபீஸ்ல கேட்டு, முடிஞ்சா எழுத்துலயே அனுமதி வாங்கிக்குங்க, இல்லன்னா கேட்டுலயே ஜாகா (காவல்காரரு) நிப்பாட்டிருவாரு. செம்பனைத் தோட்டத்துல வெளிநாட்டுத் தொழிலாளிங்கதான் நெறைய பேரு, அவங்க மொகம் ஃபிரேம்ல வருதுன்னா அவங்ககிட்டயும் கேக்கணும், மாட்டேன்னு சொன்னா கேமராவ அந்தப் பக்கம் திருப்பாதீங்க. மேனேஜர் சரின்னு சொல்லிட்டாருங்குறது எல்லாருக்கும் சேத்து சொன்ன சரி கெடையாது.

அடுத்து ஃபோன் செட்டிங்

தெளிவு 1080பி போதும். 4கே எடுத்தா எடம் நெறைஞ்சு போயி பாதி வேலயில "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வந்து நிக்கும், 1080பி-க்கே நிமிசத்துக்கு 60லருந்து 130 எம்பி வரைக்கும் இழுக்கும்.

ஃபிரேம் ரேட் (செகண்டுக்கு எத்தன படம்ங்குறது) 25 வைங்க, 30 வேணாம். இதுக்குக் காரணம் நம்ம கரண்டு. மலேசியாவுல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால வீட்டு டியூப் லைட்டு, சில மலிவு எல்இடி பல்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியாம செகண்டுக்கு 100 தடவ மினுக்கும். ஃபோன் 30 ஃபிரேம்ல ஓடுறப்ப ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) 1/60 செகண்டுல போயி நின்னுக்கிச்சுன்னா அந்த மினுக்கலோட ஒத்துப்போகாது, வீடியோவுல கருப்புக் கருப்பா பட்டை ஓடும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50ன்னு வச்சா பட்டை வராது. ஐஃபோன்னா செட்டிங்ஸ்ல கேமரா, அதுக்குள்ள ரெக்கார்ட் வீடியோ போயி பிஏஎல் ஃபார்மெட்ட ஆன் பண்ணாத்தான் 25 தெரியும். ஆண்ட்ராய்டுல ப்ரோ வீடியோ இருந்தா அதுல பாருங்க, இல்லன்னா உங்க ஃபோன் தாங்குச்சுன்னா பிளாக்மேஜிக் கேமராங்குற இலவச ஆப் போட்டுக்கலாம். வெளி வெயில்ல 1/50 புடிச்சுக்கிட்டு தொங்காதீங்க, படம் வெளுத்துரும், அங்க ஷட்டர் ஏறுனா ஏறட்டும். பட்டை பிரச்சன லைட்டுக்குக் கீழதான்.

அப்புறம் ஸ்கிரீன்ல ஆளு மொகத்துமேல வெரல அழுத்திப் புடிச்சா ஃபோக்கஸும் வெளிச்சமும் லாக் ஆகும். இதப் பண்ணலன்னா எலை சந்துல வெயில் வந்து வந்து போறப்ப ஃபோன் தானா இருட்டாக்கி வெளிச்சமாக்கி வெளாடிக்கிட்டே இருக்கும். ஒயிட் பேலன்ஸும் (கலர் சாயல சரி பண்றது) லாக் பண்ணிருங்க, மரத்தடியில எல்லாம் பச்ச அடிக்கும், ஆட்டோவுல விட்டா ஒரு ஷாட்டு பச்ச ஒரு ஷாட்டு மஞ்சள்னு வந்து எடிட்டிங்ல சாவடிச்சிரும்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க: ராத்திரி ஏர்கோன் ரூம்ல வச்சிருந்த ஃபோன விடிகாலையில அப்படியே வெளிய கொண்டு போனா லென்ஸ்ல பனி மாதிரி படிஞ்சிரும், அரை மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வச்சிருங்க. கொசு மருந்து தடவுன கையால ஃபோனத் தொடாதீங்க, அதுல டீட்ங்குற ரசாயனம் இருந்தா பிளாஸ்டிக்க அரிச்சிரும்.

நேரம்

பால் விடிகாலையிலதான் நல்லா ஓடும், வெயில் ஏற ஏற மரத்துக்குள்ள அழுத்தம் கொறஞ்சு ஓட்டம் கொறஞ்சிரும், அதனாலதான் இருட்டுல போறாங்க. உங்களுக்கும் அதுதான் நல்ல நேரம். சூரியன் ஏழு ஏழேகால் வாக்குல எட்டிப் பாக்கும், ஆனா நம்ம ஊரு பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கிறதால அது சாய்வா ஏறாம நெட்டுக்குத்தலா ஏறும், அந்தத் தங்கக் கலரு வெளிச்சம் சுமார் 25 நிமிசம்தான் நிக்கும். வெளிநாட்டு டுடோரியல்ல ஒரு மணி நேரம்னு சொல்றத நம்பி டீ குடிக்கப் போயிராதீங்க.

உச்சி வெயில் நமக்கு 12 மணிக்குன்னு நெனச்சீங்கன்னா அதுவும் இல்ல. 1982 ஜனவரி 1ல தீபகற்பத்துக் கடிகாரத்த அர மணி நேரம் முன்னால தள்ளி வச்சாங்க, அதுலருந்து சூரியன் உச்சிக்கு வர்றது ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவுல. அந்த நேரம் வெளிய ஆளு மொகத்த எடுத்தா கண்ணு ரெண்டும் கருப்புக் குழியாத் தெரியும். மதியத்துல பேட்டி வேணும்னா வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கம் உக்கார வைங்க.

இருட்டுல ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு வெட்டுறப்ப அந்த விளக்கு ஒண்ணே போதும், ஃபோன் டார்ச்ச அடிச்சு கெடுக்காதீங்க. இடுப்புல கொசுவத்திச் சுருள கட்டிக்கிட்டு போவாங்க பாருங்க, அந்தப் பொகை ஹெட்லேம்ப் வெளிச்சத்துல சுருண்டு சுருண்டு மேல ஏறும். அத பக்கவாட்டுலருந்து, கருப்பா இருக்கிற மரத்த பின்னால வச்சு எடுங்க. நேரா விளக்க நோக்கி புடிச்சா வெறும் வெள்ளதான் வரும்.

மரத்துக்கு ஒரு ஆங்கிள்

இதுதான் பாடமே. மரம் வெட்டுற அக்கா மொத மரத்துக்கிட்ட வர்றாங்க, நீங்க தூரத்துல நின்னு அகலமா எடுங்க, ஆளு, மரம், நெரை எல்லாம் தெரியிற மாதிரி. ரெண்டாவது மரத்துல இடுப்புக்கு மேல. மூணாவதுல கை மட்டும், உளி பட்டைய சீவுறது, சீவுன பட்டை சுருண்டு விழுறது. நாலாவதுல மொகம் மட்டும், கண்ணு எங்க பாக்குதுன்னு. அஞ்சாவதுல தோளுக்குப் பின்னாலருந்து, அவங்க பாக்குறத நாமளும் பாக்குற மாதிரி. அப்புறம் மங்கு (பால் புடிக்கிற கிண்ணம்) மட்டும், மொத சொட்டு விழுறது. ஒவ்வொண்ணையும் கை ஆடாம குறைஞ்சது பத்து செகண்டு புடிங்க, ஸூம் பண்ணாதீங்க, கிட்ட வேணும்னா காலால கிட்டப் போங்க. அவங்க கை வீச்சுக்குள்ள மட்டும் போயிராதீங்க, உளி நல்லா கூரா இருக்கும்.

எடிட்டிங்ல இத வரிசையா ஒட்டுனா ஆறு மரம் ஒரே மரமாத் தெரியும். ஆனா அதுக்கு மூணு விசயம் ஒத்துப்போகணும்.

ஒண்ணு மங்கு. ஒரு மரத்துல பழைய பீங்கான் மங்கு, அடுத்த மரத்துல கருப்பு பிளாஸ்டிக்னு இருந்தா உடனே மாட்டிக்குவீங்க, ஒரே மாதிரி மங்கு இருக்கிற மரமாப் பாத்துக்குங்க. ரெண்டு, வெட்டுன கோட்டு உயரம். ஒண்ணுல நெஞ்சு உயரம் இன்னொண்ணுல முட்டி உயரம்னா ஆளு நிக்கிற விதமே மாறிரும். மூணு, தெச. அக்கா எடதுலருந்து வலதா நடந்து போறாங்கன்னா எல்லா ஷாட்டுலயும் அப்படியே இருக்கணும், நீங்க நெரையோட அந்தப் பக்கம் தாண்டிப் போயி எடுத்தா வலதுலருந்து எடதா வருவாங்க, பாக்குறவங்களுக்கு திரும்பி வீட்டுக்குப் போறாங்களோன்னு தோணும். இதத்தான் 180 டிகிரி விதின்னு கிளாஸ்ல படம் வரைஞ்சு சொல்லுவாங்க, நெரையில ஒரு பக்கமே நின்னீங்கன்னா தானா வந்துரும்.

இதுல ஒரு குட்டி எச்சரிக்க. மரத்துக்கு நேரா நின்னு பாத்தா வெட்டுக்கோடு பொதுவா எடப்பக்கம் மேலருந்து வலப்பக்கம் கீழ எறங்கும். தெச சரியா வரலன்னு எடிட்டிங்ல ஃப்ளிப் பட்டன அமுக்குனீங்கன்னா கோடு எதிர்ப்பக்கம் சாயும். உங்க லெக்சரருக்குத் தெரியாது, ஆனா ஊர்ல மரம் வெட்டி ரிட்டயர் ஆன எந்தப் பாட்டியும் "என்னடா மரத்த மாத்தி வெட்டியிருக்கு"ன்னு கேட்டுரும்.

சத்தம்

படம் கொஞ்சம் ஆடுனாகூட மக்கள் பாப்பாங்க, சத்தம் சரியில்லன்னா அடுத்த வீடியோவுக்குப் போயிருவாங்க, அதனால காசு செலவு பண்றதுன்னா மைக்குக்கு பண்ணுங்க. சட்டையில குத்துற சாதாரண வயர் மைக்கே போதும். அதுவும் இல்லன்னா இன்னொரு ஃபோன இரவல் வாங்கி ரெக்கார்டிங் ஆப்ப ஆன் பண்ணி அவங்க மேல் பாக்கெட்டுல போட்டு விடுங்க, ஆரம்பத்துல கேமரா முன்னாடி ஒரு தடவ கை தட்டுங்க, எடிட்டிங்ல அந்தத் தட்டுற சத்தத்த ரெண்டுலயும் சேத்து வச்சா பேச்சும் வாயும் ஒட்டிக்கும்.

உளி பட்டையில போற "சரக் சரக்"க ஃபோன மரத்துக்கு ஒரு சாண் பக்கத்துல வச்சு தனியா ரெக்கார்ட் பண்ணுங்க. அப்புறம் எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லிட்டு ஒரு நிமிசம் சும்மா தோட்டத்த மட்டும் ரெக்கார்ட் பண்ணுங்க, பூச்சி, பறவ, தூரத்து மோட்டார் எல்லாம் வரட்டும். எடிட்டிங்ல ரெண்டு துண்டுக்கு நடுவுல சத்தம் பொசுக்குன்னு அறுந்து போற எடத்துல இதத்தான் அடியில ஓட விடணும்.

பேட்டி

வீட்டுல எடுக்கிறப்ப ஃபேன அணைங்க, ஃபிரிட்ஜையும் அணைங்க, அணைச்சுட்டு உங்க மோட்டார் சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க, அப்பதான் வீட்டுக்குப் போறப்ப திரும்ப ஆன் பண்ண ஞாபகம் வரும். மழ வந்தா தகரக் கூரைக்குக் கீழ ஒண்ணும் பண்ண முடியாது, டீ குடிச்சிட்டு உக்காந்திருங்க.

உங்க கேள்வி படத்துல வராது, அதனால கேள்வியையும் சேத்து பதில் சொல்லச் சொல்லுங்க. "எத்தன வயசுல வந்தீங்க"ன்னு கேட்டா "பதினஞ்சு"ன்னு சொன்னா பிரயோசனம் இல்ல, "நான் பதினஞ்சு வயசுல காட்டுக்குப் போக ஆரம்பிச்சேன்"னு வரணும். பொதுவா "தோட்ட வாழ்க்க எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, "கஷ்டம்தான்யா"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிரும். பெரட்டுக்கு (காலையில ஆள் கணக்கெடுக்கிறதுக்கு) எத்தன மணிக்கு மணி அடிப்பாங்க, மழ வந்தா அன்னிக்கு சம்பளம் உண்டா, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) பக்கத்து வீட்டுல யாரு இருந்தாங்கன்னு பொடிப் பொடியாக் கேளுங்க. வயசானவங்கன்னா துண்டாடல் காலத்த, அதாவது பெரிய தோட்டங்கள துண்டு துண்டா வித்த காலத்தக் கேட்டுப் பாருங்க. சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, மாசம் பத்து வெள்ளின்னு சேக்கச் சொல்லி தோட்டங்கள வாங்குனாங்க, அந்தப் பத்து வெள்ளிய எப்படிக் கட்டுனாங்கங்குற கத நெறைய வீட்டுல இருக்கு. பதில் சொல்லி முடிச்சதும் ஒடனே அடுத்த கேள்விக்குப் பாயாதீங்க, ஒரு மூணு செகண்டு சும்மா இருங்க, நல்ல வார்த்த பெரும்பாலும் அதுக்கப்புறம்தான் வரும்.

வெட்டி ஒட்டுறது

ஃபோன்லயே பண்றதுன்னா கேப்கட், கம்ப்யூட்டர் இருந்தா டாவின்சி ரிசால்வ் இலவச வெர்ஷன். எது இருந்தாலும் மொதல்ல பேட்டிய மட்டும் கேட்டு கேட்டு ஒண்ணர நிமிசத்துக்குச் சுருக்குங்க, படத்தப் பாக்காதீங்க, ரேடியோ கேக்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டு கேளுங்க. அது புரிஞ்சா அதுமேல வேல ஷாட்டுங்கள ஏத்துங்க. ஒரு ஷாட்டு சராசரி நாலு செகண்டுன்னா மூணு நிமிசத்துக்கு 45 ஷாட்டு வேணும், பத்து ஷாட்ட வச்சு இழுக்க முடியாதுன்னு அப்ப தெரியும்.

கை அசைவு பாதியில இருக்கிறப்ப வெட்டுங்க. அகல ஷாட்டுல உளி மேல போறப்ப நிறுத்தி, கிட்ட ஷாட்டுல உளி எறங்குறதுலருந்து ஆரம்பிச்சா ஒட்டு போட்ட எடமே தெரியாது. சத்தத்த மட்டும் ஒரு செகண்டு முன்னாடியே உள்ள விடுங்க, கருப்புத் திரையில "சரக் சரக்"னு கேட்டுட்டு அப்புறம் படம் வந்தா பாக்குறவங்க நிமிந்து உக்காருவாங்க. இந்த ஒரு தந்திரத்துக்கு ஜே கட்னு பேரு. நட்சத்திர வடிவத்துல ஷாட்டு மாறுற எஃபெக்ட்டு, கண்ணாடி ஒடையிற எஃபெக்ட்டு எல்லாம் கல்யாண வீடியோவோட போகட்டும்.

சினிமாப் பாட்டு வேணாம். 1987 பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு ஆக்கினவரு காலத்துக்கு அப்புறமும் 50 வருசம் உரிம உண்டு, அது ஒரு பக்கம்னா, தெரிஞ்ச பாட்டு ஓடுனா அக்கா பேசுறது காதுல ஏறாது. ஊர்ல உறுமி மேளம் அடிக்கிற பசங்க யாராச்சும் இருப்பாங்க, அவங்ககிட்ட கேட்டு நீங்களே ரெக்கார்ட் பண்ணுங்க, டைட்டில்ல பேரு போடுங்க, பேச்ச விட 15, 20 டெசிபல் கம்மியா வைங்க.

முடிச்சதும் 1080பி, 25 ஃபிரேம்லயே எக்ஸ்போர்ட். எங்கயும் ஏத்துறதுக்கு முன்னாடி அக்காவுக்குக் காட்டுங்க, எடுத்துருன்னு சொல்ற எடத்த எடுத்துருங்க. வாட்ஸ்அப்ல அனுப்புறப்ப வீடியோவா அனுப்பாதீங்க, நசுக்கிப் போட்டுரும், டாக்குமெண்ட்டா அனுப்புங்க.