எல்லாக் குரூப்புக்கும் ஒரே சான்றிதழ்: எங்கிருந்து தொடங்குவது?

திருச்செங்கோடு பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் 28 வருடம் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்தேன். அடிப்படை இயந்திரவியல் என் பாடம். ஒவ்வொரு வருடமும் பதினோராம் வகுப்பு அட்மிஷனில் பத்தாம் வகுப்பு மார்க்கை மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். முதலில் பர்ஸ்ட் குரூப் நிரம்பும், அப்புறம் காமர்ஸ். மிச்சம் இருப்பவர்கள் என் பட்டறைக்கு வருவார்கள். யாரும் அவர்களிடம் லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பிடிக்குமா என்று கேட்டதில்லை.

அப்படி வந்த ஒரு பையனின் அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்த்தார். பையன் லேத்தில் உலோகத்தைச் சீவும் டூல் பிட்டைத் தானே சாணை பிடிப்பான். பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. இயற்பியல் படிக்க ஆசைப்பட்டு ஒரு கல்லூரிக்குப் போனான். மார்க் ஷீட்டைப் பார்த்தவர்கள், "வொக்கேஷனலா? பிசிக்ஸே படிக்கலையே தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முறுக்குவிசையும் உராய்வும் வெப்ப விரிவும் அவன் கைக்குத் தெரியும். அவன் தாளில் அது எங்கேயும் இல்லை.

போன வருடம் ஆசிரியர்களும் பாலிடெக்னிக் விரிவுரையாளர்களும் ஒரு பட்டறை உரிமையாளருமாக எட்டுப் பேர் உட்கார்ந்து, மேல்நிலை வகுப்புகளுக்கு ஒரே சான்றிதழ் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரித் திட்டம் எழுதினோம். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் பாடத்திட்டத்தைத் தொடாதீர்கள். நாங்கள் அங்கேதான் தொடங்கினோம், மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணானது. அந்தச் சான்றிதழ் யார் மேஜைக்குப் போகும் என்று எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். கலைக் கல்லூரி, பொறியியல் கலந்தாய்வு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., அரசு வேலைத் தேர்வு, கம்பெனி ஆள் எடுக்கும் இடம். ஒவ்வொருவரும் தாளில் முதலில் எந்த வரியைப் பார்க்கிறார்கள், எதைப் பார்த்து மறுக்கிறார்கள் என்று நேரில் கேளுங்கள். அந்த நுழைவு விதிகள் மாறாவிட்டால், உள்ளே நீங்கள் எவ்வளவு அழகாகப் பாடங்களை அடுக்கினாலும் பிள்ளைக்குப் பயன் இல்லை. அதனால் எங்கள் திட்டத்தின் முதல் பக்கமே இதுதான்: எந்தப் படிப்புக்கு எந்தெந்தப் பாடப் பகுதிகள் போதும். குரூப் பெயர் அந்தப் பக்கத்தில் வரவே கூடாது.

அடுத்து பெயர். 'டிப்ளமா', 'பட்டயம்' இரண்டும் வேண்டாம். நம் ஊரில் அதைக் கேட்டவுடன் மூன்று வருட பாலிடெக்னிக்தான் ஞாபகம் வரும். 'மேல்நிலைச் சான்றிதழ்' என்று வையுங்கள். அடைப்புக்குறிக்குள் 'தொழில்' என்றோ 'பொது' என்றோ ஒரு வார்த்தைகூடச் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்த நாளே அது இரண்டு சான்றிதழ் ஆகிவிடும்.

இந்த யோசனை புதிதல்ல. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்த அதே 1978-ல், வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, பொதுக் கல்விக்கும் தொழிற்கல்விக்கும் நடுவே இறுகிய சுவர் வேண்டாம் என்றுதான் சொன்னது. 1986 தேசியக் கல்விக் கொள்கையோ, மேல்நிலை மாணவர்களில் 1995-க்குள் 25 சதவீதம் பேர் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. எத்தனை பேர் என்ற கணக்கு இருந்தது. அங்கே போனவர்கள் அப்புறம் எந்தப் பக்கம் வெளியே வருவார்கள் என்ற கவலைதான் போதவில்லை. என் பட்டறையில் நின்றவர்களைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். படித்த நேரத்தைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடும், 2023-ல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பில் வருடத்துக்கு 1,200 கற்றல் மணி நேரம் 40 கிரெடிட். அதாவது 30 மணிக்கு ஒரு கிரெடிட். புதிதாக ஒரு அளவுகோலைக் கண்டுபிடிக்காமல் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு 80 கிரெடிட். நாங்கள் பிரித்தது இப்படி: எல்லோருக்கும் பொதுவான பகுதி 24, விருப்பப் பகுதி 40, பள்ளிக்கு வெளியே பயிற்சி 10, சொந்தச் செயல்திட்டம் 6.

பொதுப் பகுதியில் தமிழ், ஆங்கிலம், நடைமுறைக் கணக்கு, கணினி. டாக்டருக்குப் படிக்கப் போகிறவளும் வெல்டிங் கற்கிறவனும் ஒரே அறையில் ஒரே வினாத்தாளை எழுத வேண்டும். இதில் எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. தொழில் மாணவர்களுக்கு எளிதான தாள் வைக்கலாம் என்று நல்ல மனதோடுதான் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாளை எளிதாக்கினால் மதிப்பும் இறங்கும். தாளின் உள்ளடக்கத்தை மாற்றுங்கள். கதைக்குப் பதில் ஒரு மோட்டாரின் பயன்பாட்டுக் கையேட்டைப் படித்துப் பதில் எழுதச் சொல்லுங்கள், வட்டிக் கணக்கும் ஜி.எஸ்.டி. பில்லும் கொடுங்கள். பர்ஸ்ட் குரூப் பிள்ளைகளுக்கும் அது தேவைதான்.

விருப்பப் பகுதியின் 40 கிரெடிட்டை நான்கு நான்காக உடைத்துப் பத்துத் துண்டுகளாக்குங்கள். ஒரு துண்டு 120 மணி நேரம். ஆறு துண்டு ஒரே துறையில் இருக்கட்டும், நான்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். அந்தப் போர்வெல்காரர் மகன் இயந்திரவியலில் ஆறு, இயற்பியலில் இரண்டு, கணிதத்தில் இரண்டு எடுத்திருப்பான். கல்லூரி கேட்ட பதில் அவன் தாளிலேயே இருந்திருக்கும். துண்டுகளாக உடைப்பதில் இன்னொரு நன்மை, பாதியில் குரூப் மாறினாலும் படித்தது கெடாது. பர்ஸ்ட் குரூப் முடியவில்லை என்று அரையாண்டோடு டி.சி. வாங்கிப் போன பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்த ஆறு மாதத்துக்கு ஒரு தாள்கூடக் கையில் இருக்காது. முடித்த துண்டு முடித்ததுதான், மீதியை ஐந்து வருடத்துக்குள் வந்து முடிக்கலாம் என்று விதியில் எழுதிவிடுங்கள்.

செய்முறை மதிப்பீட்டில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரே சான்றிதழ் நிற்பதும் விழுவதும் இங்கேதான். அகமதிப்பீட்டு மார்க் என்றால் எல்லோருக்கும் முழுசாகப் போட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. நானும் போட்டிருக்கிறேன், பையன் பெயிலாகிவிடக் கூடாது என்ற பயம்தான். ஆனால் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து என்றால் அதைப் படிக்கிறவர் அந்த வரியையே நம்ப மாட்டார். அதனால் அளக்க முடிகிறதை அளந்து எழுதுங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள எம்.எஸ். (மென் எஃகு) ராடைக் கொடுத்து, 40 மி.மீ. நீளத்துக்கு மட்டும் 20 மி.மீ. விட்டமாகக் கடைந்து ஸ்டெப் டர்னிங் போடச் சொல்லுங்கள். கூடவோ குறையவோ 0.1 மி.மீ.க்குள் வந்தால் தேர்ச்சி. வெர்னியர் அளவுகோலில் எடுத்த அளவையே சான்றிதழின் இணைப்பில் எழுதலாம். கடைந்து முடித்த துண்டில் மாணவரின் பதிவெண்ணைப் பஞ்ச் செய்து ஒரு வருடம் பெட்டியில் வையுங்கள். பக்கத்து ஊர் ஆசிரியர் எந்த நாளும் வந்து பத்தில் ஒன்றை எடுத்து மறுபடி அளக்கலாம் என்று இருந்தால் போதும், யாரும் இஷ்டத்துக்கு மார்க் போட மாட்டார்கள். நர்சிங், தையல், வேளாண்மைக்கும் இதே மாதிரி கையால் தொட்டுச் சரிபார்க்கக்கூடிய ஒன்றைத் தேடுங்கள். எங்கள் குழுவில் இருந்த வேளாண் ஆசிரியர் நாற்றங்கால் போட்டு முளைப்புச் சதவீதம் கணக்கிடுவதைத் தேர்ந்தெடுத்தார்.

செயல்திட்டத்துக்கு மார்க் வேண்டாம். செய்தார், பேசி விளக்கினார் என்ற ஒரு வரியும் தலைப்பும் போதும். மார்க் வைத்தால் அதற்கும் கைடு வந்துவிடும்.

இங்கிலாந்தில் நடந்ததைக் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 2004 அக்டோபரில் மைக் டாம்லின்சன் தலைமையிலான குழு, 14 முதல் 19 வயது வரையிலான படிப்புகள் எல்லாவற்றையும் நான்கு நிலை கொண்ட ஒரே டிப்ளமாவுக்குள் கொண்டுவரச் சொன்னது. பொதுப் பகுதி, முதன்மைப் பகுதி, நீண்ட செயல்திட்டம் எல்லாம் அதில் உண்டு. பத்து வருடத்தில் படிப்படியாக வர வேண்டியது. 2005 பிப்ரவரியில் அரசு, அங்கே ஏற்கெனவே இருந்த பள்ளித் தேர்வுகளான ஜி.சி.எஸ்.இ.யும் (நம் பத்தாம் வகுப்பு மாதிரி) ஏ லெவலும் (பிளஸ் டூ மாதிரி) அப்படியே இருக்கட்டும், தொழில் சார்ந்த புது டிப்ளமாவைப் பக்கத்தில் வைப்போம் என்று முடிவு செய்தது. 2008-ல் அது வகுப்புக்கு வந்தது, சில வருடங்களில் கைவிடப்பட்டது. பழைய மதிப்பான தாள் பக்கத்திலேயே கிடைக்கும்போது புதுத் தாளை யார் தேடிப் போவார்கள்? செயல்திட்டம் மட்டும் தனித் தகுதியாக அங்கே இன்றும் இருக்கிறது.

நம் சமச்சீர்க் கல்வி இந்த விஷயத்தில் துணிச்சலானது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நான்கையும் 2010 சட்டம் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அடுத்து வந்த மாநில அரசு அதை நிறுத்திவைக்கப் பார்த்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாளில் நடைமுறைப்படுத்தச் சொன்னது. எல்லோருக்கும் சேர்த்து வந்ததால்தான் அது நின்றது. உங்கள் திட்டத்திலும் முன்னோட்டம் நடத்தினால், ஒரு ஒன்றியத்தில் எல்லாப் பள்ளிகளிலும் எல்லாக் குரூப்பிலும் நடத்துங்கள். பின்தங்கிய நான்கு பள்ளிகளில் மட்டும் தொடங்கினால், இது அவர்களுக்கான தாள் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

ஆசிரியர் பணியிடத்தையும் திட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு யாரும் வரவில்லை. அந்தப் பிரிவே மூடப்பட்டது. லேத் மூன்றும் துணி போர்த்தி நிற்கின்றன. பள்ளிக்கொரு ஆசிரியர் கிடைக்காவிட்டால் நான்கு பள்ளிக்கு ஒரு பட்டறை, வாரத்தில் ஒரு முழு நாள் என்று திட்டமிடலாம். பஸ் செலவையும் மதிய உணவையும் அப்போது மறக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு போலிப் பெயரில் மாதிரிச் சான்றிதழ் அச்சடித்து, அட்மிஷன் பார்க்கிற ஒருவரிடம் காட்டுங்கள். நாங்கள் காட்டியபோது அந்த அலுவலக உதவியாளர் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "மொத்தம் எங்க சார் இருக்கு?" என்றார். நாங்கள் மொத்தம் போட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலமே முதல் பக்கத்தின் மேல் ஒரு கட்டம் சேர்த்தோம்: 80-க்கு எத்தனை கிரெடிட், அதற்குக் கீழே இந்தத் தாளோடு சேரக்கூடிய படிப்புகளின் பெயர்கள். மறுவாரம் திரும்பக் கொண்டுபோனோம். அவர் அந்தப் பட்டியலில் விரலை வைத்து, பி.எஸ்சி. இயற்பியல் என்ற வரியில் நிறுத்தி, பக்கத்துப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.